ஆறாவது கேள்வி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உரக்கச் சொல்கிற கதையில்லை இது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அவள் கேள்விகள் அச்சிட்ட தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் ஒரு சின்ன லேப். விந்துப் பரிசோதனை அவள் வேலை. எதிரே மீன் வியாபாரி ரெமிஜியூஸ், மனைவி சலேத்தோடு. கல்யாணமாகி ஏழு வருடம்.

மேசையில் வேறு இரண்டு லேப்களின் முடிவுகள். இரண்டிலும் ஒரே வரி: உயிரணுக்களில் அசைவு இல்லை.

"இதுவும் அப்படியே வந்தா, நீ உங்க அம்மை வீட்டுக்குப் போயிரு. வேற வாழ்க்கை பாத்துக்க" என்றார் அவர் மனைவியிடம்.

"காலையில மீனை ஏலம் விட்டது பத்தலையோ? என்னையும் ஏலம் விடுதியளாக்கும்" என்றாள் சலேத்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமென்று புதுத் தாள் வந்து இரண்டு மாதம். கேட்காமலே நிரப்பிவிடலாம். அவளும் நிரப்பியிருக்கிறாள்.

இன்று ஏனோ கேட்டாள். ஆறாவது கேள்வி.

"வீட்டிலேர்ந்து எப்படிக் கொண்டு வந்தீங்க, அண்ணாச்சி?"

அவர் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். நொறுக்கிய ஐஸ். நடுவே அந்தச் சின்ன டப்பா, சீலா மீனைப் போலப் பத்திரமாக.

"எப்பமும் இப்படித்தானா?"

"ஆமா. கெட்டுரக் கூடாதுல்லா?"

அவள் சிரிக்கவில்லை.

"ஐஸ்ல வச்சா அசைவு நின்னுரும், அண்ணாச்சி. நாலு நாள் கழிச்சு வாங்க. சட்டைக்குள்ள, உடம்போட ஒட்டி வச்சு, அரை மணிக்குள்ள கொண்டாங்க."

நாலாம் நாள் அவர் நெஞ்சைப் பொத்தியபடி ஆட்டோவிலிருந்து இறங்கினார். தடுக்கிவிடாமல் சலேத் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

மைக்ராஸ்கோப்பின் கீழே, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி. எண்ணும் கருவியில் இரண்டு பொத்தான். அசைந்தால் இடது. அசையாவிட்டால் வலது.

இருநூறு எண்ண வேண்டும். இன்னொரு சில்லில் மறுபடி இருநூறு. அதுவரை வாய் திறக்கக் கூடாது.

வலது.

வலது.

இடது.

அவள் எண்ணிக்கொண்டே போனாள்.

முடிவைச் சலேத் வாங்கிப் படித்தாள்: அசைவு இருக்கிறது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு புருஷனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"ஏலம் முடிஞ்சிட்டு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர்கள் போனதும் அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

போன மாதத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஆறாவது வரியில், கேட்காமலே அவள் போட்ட டிக்.

போனை எடுத்து, முதல் தாளிலிருந்த எண்ணை அழுத்தினாள்.

கேட்ட உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. கேட்காமல் எழுதிய எதுவும் உங்கள் வாசலுக்கு வராதிருக்கட்டும்.