இடைவேளையில் சோப்பு

மூவாயிரத்து இருநூறு. பிளம்பர் பெயிண்டருக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவுதான். இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது கைக்கு வராவிட்டால், பிளம்பரின் டிரில் மெஷின் பெயிண்டருக்குச் சொந்தம் என்று பேச்சு.

மெஷின் ஏற்கெனவே பெயிண்டரின் காலடியில்தான் கிடந்தது. கடன் கொடுத்த அன்றே பிடுங்கி வைத்துக்கொண்டார். அது இல்லாமல் பிளம்பர் உளியால் தட்டித் தட்டி ஒரு குழாய்க்கு அரை நாள் ஆக்கிக்கொண்டிருந்தான். நாளையும் இதே லட்சணம் என்றால் வேறு ஆள் வரும் என்று மேஸ்திரி காலையில்தான் கத்திவிட்டுப் போயிருந்தார்.

கட்டி முடியாத மூன்றாவது மாடி. ஒரு சுவர் பாதிக்குக் கிளிப்பச்சை, பாதிக்கு வெள்ளை. சனிக்கிழமை மதியம் பெயிண்டர் தலைவலி என்று கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போனதில் வந்த வினை அது.

"வாய்யா கேலரி!" என்றார் பெயிண்டர். குரல் கரகரவென்று தேய்ந்திருந்தது. பெயிண்ட் நெடி தொண்டையைப் பிடித்துவிட்டதாம். "கடன் வாங்கிப் பந்தாட்டம் பாத்த மகராசா, சனிக்கிழம ஃபைனல் எப்படி?"

"பிரமாதம்ணே."

"என்னத்தப் பிரமாதம்? அந்த உசரத்துல உக்காந்தா ஆளுங்க எறும்பு மாதிரி தெரிவானுங்க. எந்த எறும்பு கோல் போட்டுச்சுன்னு பக்கத்துல இருக்கறவனக் கேக்கணும். நான் வீட்டுல கால நீட்டிப் படுத்துக்கிட்டே டிவியில பாத்தேன். பந்துல இருக்கற தையல்கூடத் தெரியுது. சல்லிக் காசு செலவில்ல."

செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தாள் அக்கா சிரித்துவிட்டாள். "பாவம், சின்னப் பையன். ஆசைப்பட்டுப் போயிட்டான், விடுங்க."

"ஆசையா? கொழுப்புக்கா! பொண்டாட்டி கொடம் வாங்கக் காசு கேட்டா இல்லம்பான். பந்து பாக்க மட்டும் என் காசு."

பிளம்பருக்குக் காது சிவந்தது. "டிவியில பாக்கறதெல்லாம் ஒரு பாக்கறதாண்ணே? நேர்ல பாத்தா ஒடம்பு சிலிர்க்குது. மொத கோல் விழுந்தப்ப நான் குதிச்ச குதியில கால் சுளுக்கிக்கிச்சு. அப்புறம் இடைவேளையில ஒரு பொண்ணு, என்ன அழகு! சோப்பு போட்டுக் குளிச்சிட்டு அப்படியே தலையச் சிலுப்பினா பாருங்க..."

சித்தாள் அக்காவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "மைதானத்துலயா குளிச்சா?"

பெயிண்டர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். "மாட்டினியா! ஏண்டா டேய், இடைவேளையில அங்க பேண்டு வாத்தியம்தானடா வாசிச்சாங்க! செவப்புச் சட்ட போட்டு நாப்பது பேரு சுத்திச் சுத்தி நடந்தானுங்க. சோப்பாம், குளியலாம். அது டிவிக்காரன் போடற விளம்பரம்டா! நீ மைதானத்துக்குள்ளயே போகல!"

மாடியே அதிர அவர் சிரித்ததில் தொண்டை இன்னும் கட்டிக்கொண்டது. பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து, ஒரு மாதிரி பெயிண்டரைப் பார்த்தான்.

"ஆமாண்ணே. போகல. வாசல் வரைக்கும் போனேன். டிரில் மெஷின் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. பிளாக்குல டிக்கெட் விக்கற ஒருத்தன் டிக்கெட் இருக்கா, டிக்கெட் இருக்கான்னு சட்டையப் புடிச்சு இழுத்தான். ஆறாயிரத்துக்குக் குடுத்துட்டேன். டிவி விக்கற கடைக் கண்ணாடிக்கு வெளிய நின்னு ஆட்டம் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்ப இங்க வந்து ஏண்டா இந்தப் பீலா?" என்றாள் அக்கா.

"நேர்ல பாத்தேன்னு சொல்லிக்கவாவது வேணாமாக்கா? அந்தச் சொகம் காசில்லாமக் கிடைக்குது."

"ஆறாயிரம் குடுத்தான்னா அந்தப் பிளாக்காரன் எவ்வளவுக்கு வித்திருப்பான்?" அக்கா விடவில்லை.

"பத்தாயிரம். சுவத்துக்கு அந்தாண்ட ஒருத்தர் அவசரமா நின்னுட்டிருந்தாராம். அவர்கிட்ட மொதல்ல காச வாங்கிட்டு வந்து, அதுலயே எண்ணி என் கையில திணிச்சான். ஆள நான் பாக்கல."

"பத்தாயிரமா! எந்தக் கிறுக்கன்டா அவன்? பெத்தவங்க தவமிருந்து பெத்திருப்பாங்க போல." அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீரைத் தேடினாள். "ஏண்ணே, நீங்க சொல்லுங்க, அவனெல்லாம் மனுஷனா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருக்கும் பெயிண்டர், டிபன் பாக்ஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "ஊர்க்கதை எதுக்கு இப்ப? காச எடுடா. இல்லன்னா மெஷின் என்னுது."

பிளம்பர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். எல்லாம் நூறு நூறாக இருந்தது. பெயிண்டர் அதை வெடுக்கென்று வாங்கி, கட்டை விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

மூன்றாவது நோட்டில் கை நின்றது. நாலாவதைப் புரட்டினார். கடைசி நோட்டை உருவிப் பார்த்தார்.

ஒவ்வொரு நோட்டின் மூலையிலும் காய்ந்துபோன ஒரு கட்டை விரல் ரேகை. கிளிப்பச்சை. பாதி அடித்து நிற்கும் அந்தச் சுவரின் அதே கிளிப்பச்சை.

பெயிண்டர் தன் கட்டை விரலை மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்தார். நகக்கண்ணில் இன்னும் பச்சை போகவில்லை.

பிளம்பர் குனிந்து டிரில் மெஷினை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? தைரியமா எண்ணுங்க. எல்லாம் உங்க காசுதான்."