நீலனின் வால் தகடு

பந்தயத் திடலில் செவலை என்றொரு சிவப்புக் கார். நீலன் என்ற காரைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. போட்டிக்கு முன்னால், விதி பார்க்கும் அளவுநாடாவிடம் ஓடினான்.

“அண்ணே, நீலனோட வால் தகட்டை அளந்து பாருங்க. ஒரு விரக்கடை கூட இருக்கு!”

நாடா அளந்தார். கூடத்தான் இருந்தது. நீலனை ஓரமாக நிறுத்திவிட்டார்.

செவலை குஷியாகக் கிளம்பினான். வழக்கமாக நீலன் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போவான். செவலை அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி வளைவில் முந்திவிடுவான். இன்றோ மற்ற கார்கள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு பறக்க, எதிர்காற்று முழுக்கச் செவலையின் மூக்கில் அறைந்தது. பெட்ரோலும் தீர்ந்தது. கடைசி ஆளாக அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த போட்டிக்கு முன்னால் நாடாவிடம் மறுபடி ஓடினான்.

“அண்ணே, போன மழையில நீங்க கொஞ்சம் சுருங்கிட்டீங்களோ? நீலனை இன்னொரு தடவை அளந்து பாருங்களேன்!”