மைனா பார்க்காத குளம்

வலசை வரும் பறவைகளுக்குத் தங்க இடம் சொல்லிப் பிழைக்கும் காக்கைகள் அந்த ஏரிக்கரையில் மரத்துக்கு மரம் இருந்தன. அந்தத் தொழிலில் புதிதாக இறங்கிய மைனா, யாரும் சொல்லாத இடத்தைச் சொன்னால்தான் எடுபடும் என்று, காதால் மட்டுமே கேட்டிருந்த தாமரைக்குளத்துக்கு ஒரு வாத்துக் கூட்டத்தை அனுப்பிவைத்தது.

"ஐயோ, அங்கே வேடர்கள் வலை கட்டியிருக்கிறார்களே!" என்றது அவ்வழியாக வந்த நாரை.

மைனா விழுந்தடித்துப் பறந்து, வாத்துகள் குளத்தில் தாழும் நேரத்தில் எட்டிப்பிடித்தது.

"இறங்காதீர்கள், வலை!"

கூட்டம் பதறி மேலெழுந்தது.

"அருமையான இடம் என்றாயே?" என்று தாய் வாத்து கேட்டது.

"நான் பார்த்ததே இல்லை, அம்மா."

"பிள்ளைகளுக்கு இனிப் பறக்கத் தெம்பில்லை. எங்கே இறங்குவது?"

பக்கத்தில் இன்னொரு குளம் தெரிந்தது. அதன் நாணல் புதருக்குள், வலை இருக்கிறதா என்று பார்க்க, மைனா முதலில் தனியாக இறங்கியது.