வேட்டியில் வந்த மலைப்பாசி

நான் ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்தது, பட்டுப்போன ஒரு மரக்கட்டை.

“ஐயையோ, எந்திரிங்க! செண்பகத்தோப்பு மலையில மூணு வருஷமாத் தேடி, நேத்துதான் கெடச்ச பாசி அது!” என்றாள், கல்லூரியில் தாவரவியல் நடத்தும் தேவகிருபை.

கட்டையில் பாசி இல்லை. என் வேட்டியின் பின்பக்கம் இருந்தது.

“திரும்பி நில்லுங்க. அசையாதீங்க.”

லென்சும் இடுக்கியுமாகக் குனிந்தாள். கால் மணி நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

“தேறுமாங்க?”

இடுக்கி வேட்டியை இன்னொரு முறை கிள்ளியது.

காபித் தட்டோடு வந்த அவள் அம்மா அலறினாள். “ஏட்டி, ராஜபாளையத்துல இருந்து பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையை, அவிய வீட்டாளுக முன்னால இப்படியா நிறுத்துவ?”

“பிடிக்கலைன்னா சொல்லிருங்க, அப்படியே பஸ் ஏறிருதேன்” என்றேன் சுவரிடம்.

தேவகிருபை நிமிர்ந்தாள். “பாசி முழுசாக் கெடச்சிருச்சு. சொன்னதும் இம்புட்டு நேரம் அசையாம நின்னீங்களே, எனக்குச் சம்மதம்.”