எலியனோர் அரசியின் வேசம்

"றொனி இல்லாட்டில் அரசி இல்லை. அரசி இல்லாட்டில் கூத்தும் இல்லை" என்று சொல்லி, கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் சூசைதாசன் மத்தளத்தைத் தரையில் வைத்துவிட்டார்.

மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை செய்கிற, அரசி வேசம் கட்டவேண்டிய றொனி, அப்போதுதான் கோயில் தொலைபேசிக்கு எடுத்திருந்தான். ஞானஸ்நான விருந்து இன்னும் முடியவில்லை, முதலாளி விடுகிறானில்லை, எப்படியும் ஓடிவரப் பார்க்கிறேன் என்றான். பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவின் கோயில் மண்டபமோ நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பங்குத்தந்தையும் இத்தாலியச் சனங்களும் கைகட்டிக் காத்திருந்தார்கள்.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. பலெர்மோவில் வீடு துடைத்தும் கோப்பை கழுவியும் பிழைக்கிறவர்களுக்குக் கூத்து ஒரு கேடா என்று கேட்டவர்களின் வாயை அடைக்கத்தான் சூசைதாசன் இதில் இறங்கினார். இன்று நன்றாக நடந்தால் ஞாயிறுதோறும் மண்டபத்தைத் தமிழருக்குத் தருவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். பிசகினால் மண்டபமும் போகும், மானமும் போகும்.

கதைக்கு வழிகாட்டியதும் பங்குத்தந்தைதான். இங்கிலாந்து அரசன் றிச்சர்ட்டின் தங்கை முன்னொரு காலத்தில் இதே பலெர்மோவுக்கு அரசியாக வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். சூசைதாசன் அந்த றிச்சர்ட்டின் இளமைக் காலத்தையே கூத்தாகக் கட்டிவிட்டார். பெரிய இடத்துக் குடும்பம்தான், ஆனால் வீட்டில் ஒருநாள் நிம்மதி கிடையாது. தகப்பன் ஹென்றியை எதிர்த்துப் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். தாய் எலியனோர் பிள்ளைகள் பக்கம். ஆண் உடை போட்டுக்கொண்டு அவர்களிடம் தப்பி ஓடுகிறவளை அரசனின் ஆட்கள் வழியில் பிடிக்க, அரசன் அவளைச் சிறையில் தள்ளுகிறான்.

அந்த அரசி வேசத்தை ஒரு பெண்ணுக்கே கொடுக்கலாமே என்று பங்குத்தந்தை முன்பே கேட்டிருந்தார். கூத்தில் பெண் வேசமும் ஆண்தான் கட்டுவது, பெண்களுக்குத் தொண்டை தாங்காது என்றார் சூசைதாசன். சினியோரா என்கிற இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் வேலை செய்து இத்தாலியன் பழகியிருந்த அவருடைய மனைவி எமிலியானா அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒத்திகையெல்லாம் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில்தான் நடந்தது. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றியதும் அவள்தான்.

இப்போது ஒப்பனைக்காரன் ஏர்னஸ்ற் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

"அண்ணை, அரசிக்கு வேசம் கட்டியாச்சு. நீங்கள் மத்தளத்தை எடுங்கோ."

"வந்திட்டானோ? மாதா காப்பாத்திப்போட்டா."

ஏர்னஸ்ற்றின் தலை உள்ளே போய்விட்டது. சூசைதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை. மத்தளத்தை எடுத்துக்கொண்டு மேடையோரம் ஓடினார்.

கிரீடமும் முத்துமாலையும் முகம் மறைக்கிற பூச்சுமாக அரசி வரவுப் பாட்டை எடுத்ததும் மண்டபம் அடங்கிப்போயிற்று. ஒத்திகையில் ஒருநாளும் கேட்காத குரல். பயல் இவ்வளவு நாளும் எங்களுக்கு ஒளித்து வைத்திருக்கிறான் என்று சூசைதாசன் உள்ளுக்குள் செல்லமாகத் திட்டினார்.

சிறைக்குப் போகுமுன் அரசி தன் மகன் றிச்சர்ட்டைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும் கட்டம் வந்தது. பிள்ளைகளை மன்னாரில் விட்டுவிட்டு இங்கே ஊரார் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பெண்கள் விம்மி அழுதார்கள். பாஷை விளங்காத இத்தாலியக் கிழவிகளும் மூக்கைச் சிந்தினார்கள். சூசைதாசனுக்கே தாளம் ஒரு தடவை தடுமாறியது.

கூத்து முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. பங்குத்தந்தை மேடையேறி மண்டபத்தின் சாவியைச் சூசைதாசனின் கையில் வைத்தார். அதை விளங்கிக்கொள்ள யாருக்கும் இத்தாலியன் தேவைப்படவில்லை. சூசைதாசனுக்குப் பெருமை தாங்கவில்லை. அரசியின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எத்தினையோ கூத்துப் போட்டிருக்கிறன். இப்பிடியொரு அரசியை நான் கண்டதில்லை. அசல் பொம்பிளை ஏறியிருந்தாலும் இவ்வளவுக்குச் செய்திருக்கமாட்டா."

மண்டபம் மறுபடி அதிர்ந்தது. ஆனாலும் அண்ணாவியார் அல்லவா, ஒரு குறை சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை.

"ஒண்டுதான் பிழை. அரசி ஆம்பிளை உடுப்போடை ஓடேக்கை நடை சரிவரேல்லை. ஆம்பிளையாப் பிறந்தவனுக்கு ஆம்பிளை நடை தெரியேல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?"

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பின்கதவைத் தள்ளிக்கொண்டு உணவகத்து வெள்ளைச் சட்டையோடு வேர்க்க விறுவிறுக்க றொனி ஓடி வந்தான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, இப்பத்தான் விட்டவங்கள். கூத்து இன்னும் துவங்கேல்லைத்தானே?"

சூசைதாசன் திறந்த வாய் மூடாமல் பக்கத்தில் நின்ற அரசியைத் திரும்பிப் பார்த்தார். அரசி அவர் கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கினாள்.

"இஞ்சாருங்கோ, அந்த நடை மட்டும் எனக்குப் பிடிபடேல்லைதான். வீட்டை போனவுடனை தேத்தண்ணி ஊத்தித் தாறன், ஒருக்கா நடந்து காட்டுங்கோ, அடுத்த கூத்துக்குப் பழகிக்கொண்டு வாறன்."