பதினேழு ஜன்னல்கள்

"எண்ணிப் பாரு. பதினேழு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

கேன்டீன் மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தாடிக்காரர் சொன்னார். கீழ்த்தளத்துக் கூரியர் ஆபீஸ்காரர். எதிரே அதே ஆபீஸில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான்.

போனில் நேற்று வந்த சினிமா போஸ்டர். 'சாம்பல் கழுகு' இறக்கையை விரித்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இருட்டில் ஒரு பெரிய கட்டடம். அதில் பதினேழு ஜன்னல்களில் மட்டும் விளக்கு எரிகிறது.

"அதனால டிரெய்லர் பதினேழாம் தேதியா மாமா? போன தடவை இறகை எண்ணிட்டு ஒன்பதாம் தேதின்னீங்க. லீவு போட்டு உக்காந்திருந்தேன்."

"அது இறகுடா, உதிரும். இது ஜன்னல்."

பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"தங்கச்சி, நீங்க மாடியில கிராபிக்ஸ்லதானே இருக்கீங்க? பதினேழுதானே?"

"எனக்குத் தெரியாதுண்ணா."

தெரியாதது தேதி மட்டும்தான். அந்த விளக்குகளை ஏற்றியவளே அவள்தான்.

மாடியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். இன்சார்ஜுக்குக் கத்திரி என்று பேர். போன மாதம் படத்து வேலை முடிந்த கையோடு, ஒரே நாளில் பதினேழு பேருக்கு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்தவர் அவர். ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கவரை நீட்டுவார், "அடுத்தவங்க" என்பார்.

அந்தப் பதினேழு பேரின் பெயரும் படத்தில் வராது என்று பிறகு தெரிந்தது. படக் கம்பெனி பட்டியலைச் சுருக்கிவிட்டது. அன்றுதான் போஸ்டர் அவள் கைக்கு வந்திருந்தது. இருட்டுக் கட்டடத்தில், ஆளுக்கொரு ஜன்னலாக அவள் விளக்குப் போட்டாள். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

பதினேழாம் தேதி வந்தது. டிரெய்லர் வரவில்லை. விடிந்ததிலிருந்து காத்துக் கிடந்த ரசிகர்கள், கம்பெனியை ஏமாற்றுப் பேர்வழி என்று திட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள் காலை கத்திரி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"இந்த ஜன்னல் யார் வேலை?"

"என் வேலைதான் சார்." வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான்.

"எதுக்கு?"

"போனவங்க பதினேழு பேர் சார். பேர்தான் வரல. விளக்காவது எரியட்டும்னு..."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் கட்டடத்தைப் பெரிதாக்கினார்.

"நாலாவது மாடி. பாதி திரை தொங்குதே?"

"ஏசி காத்து ஆகாதுன்னு சால்வையைக் கட்டித் தொங்கவிடுவாங்களே, அந்த அக்கா."

"ஒட்டினாப்ல ரெண்டு?"

"படத்துல மழை போட்ட அண்ணன் தம்பி சார். எதிரும் புதிருமா உக்காந்து சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்களே."

"இது மட்டும் ஏன் நீலம்?"

"புகை போட்டவர். மஞ்ச வெளிச்சம் அவர் கண்ணுக்கு ஒத்துக்காது."

அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினேழாவது வரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மத்தியானம் கம்பெனிக்காரங்க வராங்க. யார் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காதே. உனக்குப் பழக்கம்தானே."

தன் தலை தப்பினால் போதும் என்று பார்க்கிறார், என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கண்ணாடி அறைக்குள் மூன்று பேர் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. அவள் தன் காபிக் கோப்பையையும் சீப்பையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் கத்திரியின் அறை இருட்டாக இருந்தது.

"உனக்கு விஷயமே தெரியாதா?" என்றாள் ரிசப்ஷன் அக்கா. "அந்த ஜன்னலை எல்லாம் அவர்தான் போட்டாராம். அவரே ஒத்துக்கிட்டாரு. பதினாலு வருஷம் இருந்த மனுஷனுக்கு இப்படி ஒரு விளையாட்டு தேவையா? கடிதத்தை அவரே டைப் பண்ணி, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே கவர்ல வச்சு வாங்கிட்டுப் போனாரு."

அவள் பையிலிருந்து கோப்பையை எடுத்து மறுபடி மேசையில் வைத்தாள். அதற்கே வெகுநேரம் ஆனது.

அடுத்த வாரம் இரண்டாவது போஸ்டர் அவளிடம் வந்தது. கூடவே கம்பெனியின் குறிப்பும் வந்தது. 'திட்டினாலும் ஊரெல்லாம் ஜன்னலைப் பற்றித்தான் பேச்சு. இதிலும் விளக்குப் போடவும். எத்தனை என்பது உங்கள் விருப்பம்.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு வேலையில் உட்கார்ந்தாள்.

போஸ்டர் வெளிவந்த அன்று கேன்டீனில் தாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பதினெட்டுடா! கீழ்த்தளத்துல, வாசலை ஒட்டி ஒண்ணு புதுசா எரியுது பாரு. டிரெய்லர் பதினெட்டாம் தேதி. எழுதி வச்சுக்கோ."

"எண்ணினது சரிதானா மாமா? லீவு சொல்லணும்."

"தங்கச்சியையே கேளு. ஏம்மா, பதினெட்டுதானே?"

ஊமைக்கோட்டான் நிமிர்ந்து பார்த்தாள்.

"தேதி தெரியாதுண்ணா. ஆனா எண்ணிக்கை பதினெட்டுதான். இப்ப யாரும் விட்டுப்போகல."