அலாய் லேசுதான்

இரண்டு கைகளாலும் வாரி அணைத்து, மார்போடு இறுக்கிக்கொண்டு, அவர் மூச்சுவாங்கப் படுக்கையறைக்குள் வந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் தன்னை ஒருநாள்கூட இப்படித் தூக்காத மனுஷன் என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தூக்கி வந்தது கார் சக்கரம். அலாய் வீல், டயரோடு. டயரின் இடுக்குகளில் ரோட்டில் மிதித்த நாய்க் கழிவு அப்பியிருந்தது. காலையில்தான் துடைத்த தரையில் அதிலிருந்து ஒரு துண்டு விழ, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சக்கரத்தைத் தனியாக அதன்மேல் வைத்தால் எண்ணை மறைத்துவிடும். அதனால் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவதுதான் அவர் வழக்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய இரும்பு வீலோடும் இப்படித்தான் ஏறி, வந்த எண்ணைப் பீரோக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தார்: 87.

அப்போதுதான் அவளுடைய வாஷிங் மெஷினுக்குச் சேர்த்த பணம் நாலு அலாய் வீலாக மாறியது. இரும்பைவிட லேசு, வண்டி பறக்கும் என்றார். வண்டி பறந்ததோ இல்லையோ, காருக்கடியில் படுத்துப் படுத்து அவர் கிரீஸ் பூசிக்கொண்டு வரும் துணிகளை அவள்தான் இன்றும் கையால் கசக்குகிறாள்.

டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி இன்று காலை வந்தவன், இந்த அலாயும் இரும்பு கனம்தான் இருக்கும் என்று வாயை விட்டுவிட்டான். அவர் விடுவாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். எடை குறையவில்லை என்றால் நாளைக்கே அலாயை விற்று வாஷிங் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று சவால் விட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். வர வர தினமும் இதே கதைதான். வீல் பைத்தியம் பிடித்தவனுக்குச் சோறு எதற்கு என்று, திரும்பச் சாப்பிடக் கூப்பிடுவதையே அவளும் விட்டுவிட்டாள்.

மெஷின் 80 காட்டியது.

"பார்த்தியா? ஏழு கிலோ லேசு."

தம்பியிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தை இறக்கினார். நழுவின பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கையாலேயே அவளுடைய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சீ என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

தம்பி நம்பவில்லை. டயரோடு சேர்த்தே ஒரு வீல் பதினேழு கிலோதான் வரும், அதில் ஏழு கிலோ குறைய இது என்ன அட்டையில் செய்ததா என்று கேட்டான். மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய இரும்பு வீலைத் தூக்கி வந்தான். அதிலும் அதே அளவு டயர்.

முதலில் அலாயைக் கட்டிக்கொண்டு ஏறினான். 96. இறங்கி, இரும்பைக் கட்டிக்கொண்டு ஏறினான். அதே 96. சில அலாயைக் கனமாக வார்த்துவிடுவார்கள், பளபளப்புக்குத்தான் காசு என்றான்.

அவளுக்கு வாயெல்லாம் பல். வாஷிங் மெஷினைக் குளியலறையில் வைப்பதா, பின்கட்டில் வைப்பதா என்பதுவரை மனசு போய்விட்டது.

அவர் ஒப்பவில்லை. எடை மெஷின்மேல் பழி போடவும் வழியில்லை. இன்னொரு தடவை ஏறிக் காட்டுகிறேன் என்று அலாயைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு, பீரோக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

"அன்னைக்கு எண்பத்தேழு. இன்னைக்கு எண்பது, நீங்க ரெண்டு பேரும் பார்த்தீங்க. ரெண்டு வீலும் ஒரே வெயிட்டுன்னா, அந்த ஏழு கிலோ எங்கடா போச்சு?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் சக்கரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"வீலைக் கீழ வச்சுட்டு, நீங்க மட்டும் ஏறுங்க."